போலி இணையதளங்களைக் கண்டறியும் முறை

மத்திய சர்க்காரின் பி.எம். கிசான் திட்டத்தின்படி, 2019-ஆம் வருஷம் முதல், நிலமுடைய விவசாயக் குடும்பங்களுக்கு வருஷம் ஒன்றுக்கு ரூ. 6,000 மூன்று தவணைகளாகப் பாங்கிக் கணக்கில் நேரே செலுத்தப்பட்டு வருகிறது. பயிர்க்கடனும் பயிர் இன்ஷூரன்ஸ் தொகையும் அவ்வாறே கணக்கில் சேருகின்றன. பணம் வரும் இவ்வழியை மோசக்காரரும் நன்கறிவர். ஆதலால் மிராசுதார்களும் கிராம அதிகாரிகளும் கீழ்க்கண்ட விஷயங்களை அறிந்திருத்தல் அவசியமாகும்.

மோசம் நடைபெறும் விதம்: “உமது விவரம் சரிபார்க்கப்படவில்லை, இன்றே பதியாவிடில் தவணை நின்றுவிடும்” என்று செல்போனுக்கு ஒரு செய்தி வரும். அதனுடன் ஓர் இணைப்பு இருக்கும். அதைத் தொட்டவுடன் சர்க்கார் முத்திரையுடன் கூடிய பக்கம் திறக்கும். அதில் ஆதார் எண், கணக்கு எண், ஓ.டி.பி. ஆகியவற்றை எழுதினால் அவை மோசக்காரனைச் சேரும். சில சமயம் இணைப்புக்குப் பதிலாக வாட்ஸ்அப்பில் ‘ஏ.பி.கே.’ என முடியும் கோப்பு வரும். அதை நிறுவினால், போனுக்கு வரும் ஓ.டி.பி.களை அவன் தானே படித்துக்கொள்ளக் கூடும்.

விலாசத்தைப் படித்தல்: சான்று விதை வாங்குவோர், பையின்மீதுள்ள கதிர்ப் படத்தை நம்பாது, அதில் இணைத்துள்ள நீலநிற அட்டையைப் படிக்கின்றனர். இணையப் பக்கத்திலும் முத்திரையும் படமும் எவரும் நகல் செய்யத் தக்கவையே. படிக்க வேண்டிய அட்டை, மேலே காணும் விலாசமேயாம். தபால் விலாசத்தில் ஜில்லாவின் பெயர் கடைசியில் வருவதுபோல, இதிலும் உரிமையாளரைக் காட்டும் பகுதி இறுதியில் உள்ளது. தொடக்கத்திலுள்ள இரட்டைச் சாய்கோட்டை விட்டுவிட்டு, அதன்பின் வரும் முதல் ஒற்றைச் சாய்கோடு வரையில் பார்த்து, அங்கிருந்து இடப்புறமாகப் படித்து வருக. மேற்படி திட்டத்தின் உண்மை விலாசம், ஆங்கில எழுத்தில், ‘பிஎம்கிசான்.ஜிஓவி.ஐஎன்’ என்று முடியும். ‘ஜிஓவி.ஐஎன்’ என்பது சர்க்கார் ஸ்தாபனங்களுக்கு மட்டுமே அளிக்கப்படுவது. அதே எழுத்துக்களுக்குப் பின் ஒரு புள்ளியிட்டு, வேறு பெயரும் ‘காம்’ என்பதும் தொடர்ந்தால் அது போலியே. பாங்கிகள் 2025 அக்டோபர் 31-க்குள் ‘பாங்க்.ஐஎன்’ என முடியும் விலாசத்துக்கு மாறவேண்டுமென ரிஸர்வ் பாங்கி உத்தரவிட்டிருந்தது. பூட்டுச் சின்னத்தைக் கண்டு ஏமாறலாகாது. நாம் அனுப்பும் விவரத்தை வழியில் பிறர் படிக்க முடியாதென்பதையே அது குறிக்கும். பெற்றுக்கொள்பவன் யோக்கியன் என்பதற்கு அது அத்தாட்சியன்று.

கிராம அதிகாரிகள் கவனிக்க வேண்டியது: மின்னஞ்சல் அனுப்பும் விதிகள் 1982-இல் வகுக்கப்பட்டபோது, அனுப்புவோர் பெயரைச் சோதிக்கும் ஏற்பாடு அவற்றில் இல்லை. தபால் கார்டில் எவரும் எவர் பெயரையும் எழுதலாமன்றோ! பிற்காலத்தில் சோதனைகள் சேர்க்கப்பட்டும், பெயர்ப் பொருத்தம் மட்டும் போதிய சாட்சியன்று. “தாசில்தார்” என்று பெயர் காட்டும் அஞ்சல் பட்டாதாரர் ஜாபிதாவை அவசரமாகக் கேட்குமாயின், முழு விலாசத்தையும் பார்த்து, தாலுகா ஆபீஸின் வழக்கமான டெலிபோனில் விசாரித்த பின்னரே அனுப்புக. ஒரு ஜாபிதா வெளியேறினால் கிராமம் முழுவதுக்கும் நஷ்டம் நேரிடலாம்.

பணம் போய்விடின்: தாமதியாமல் 1930 என்ற எண்ணுக்கும் பாங்கிக்கும் தெரிவிக்க வேண்டும். பணம் கை மாறுமுன் அதை நிறுத்திவைக்க இதனால் இடமுண்டு. ரிஸர்வ் பாங்கி 2017 ஜூலையில் வகுத்த விதியில், இரகசிய எண்ணை வாடிக்கைக்காரரே பிறருக்குச் சொல்லியதால் நேர்ந்த நஷ்டம், அவர் பாங்கிக்குத் தெரிவிக்கும் வரையில் அவரையே சாரும் என்றும், தெரிவித்தபின் நேர்வது பாங்கியைச் சாரும் என்றும் கூறப்பட்டது. வெட்கத்தால் மறைப்பதில் நஷ்டமே மிகும்.

பணம் பெறுவதற்கு யு.பி.ஐ. இரகசிய எண் ஒருபோதும் தேவையில்லை. செய்தியிலுள்ள இணைப்பைத் தொடாமல், விலாசத்தைத் தாமே எழுதித் திறப்பதும், சந்தேகமுள்ளவர் இ-சேவை மையத்துக்கு நேரில் செல்வதும் உத்தமம். இதனைப் படிக்க அறியாத அண்டை அயலாருக்கும் எடுத்துரைப்பார்களாக.