‘உடனே ஸ்கான் செய்யுங்கள்’: யாருக்கு இந்த அவசரம்?

வெள்ளவத்தைத் தொடர்மாடிகளில் ஓய்வுபெற்ற தம்பதியர் பாவிக்கும் மடிக்கணினியை அநேகமாக அவர்கள் வாங்கியிருக்க மாட்டார்கள். ரொறன்ரோவிலோ லண்டனிலோ இருக்கும் மகன் வாங்கி, ஊருக்கு வந்த யாரிடமாவது கொடுத்து அனுப்பியிருப்பார். பேரப்பிள்ளையின் முகம் பார்க்க, மரண அறிவித்தல் வாசிக்க, வங்கிக் கணக்கைச் சரிபார்க்க அது தாராளம். முதல் மாதம் அமைதியாகப் போகும். பிறகு ஒருநாள் திரையின் வலது மூலையில் சிவப்புப் பெட்டி ஒன்று எழும்பும். உங்கள் கணினி ஆபத்தில் உள்ளது, பல நாட்களாக ஸ்கான் செய்யப்படவில்லை, இப்போதே செய்யுங்கள் என்று அது சொல்லும். கொழும்பில் காலை பத்து மணி என்றால் ரொறன்ரோவில் நள்ளிரவு. ஆனாலும் அங்கே தொலைபேசி அடிக்கும். “தம்பி, சிவப்பாய் ஒண்டு வந்து நிக்குது. அமத்தட்டோ?”

பெரும்பாலான வேளைகளில் சரியான பதில், “வேண்டாம் அம்மா, மூடிவிடுங்கோ” என்பதுதான்.

இந்த நினைவூட்டலுக்கு ஒரு காலத்தில் நியாயம் இருந்தது. ஐபிஎம் வகைக் கணினிகளைத் தாக்கிய முதல் வைரஸ் என்று சொல்லப்படும் ‘பிரெயின்’ 1986இல் லாகூரில் இரு சகோதரர்கள் எழுதியது. அது ஃப்ளொப்பி தட்டுகளில் ஏறி ஊர் ஊராகப் போனது. வெளியில் இருந்து வரும் தட்டை முதலில் ஸ்கான் செய்வது அப்போது பாவனையாளரின் கடமை. 2003 ஓகஸ்டில் ‘பிளாஸ்டர்’ என்ற புழு உலகெங்கும் விண்டோஸ் கணினிகளைத் திரும்பத் திரும்ப அணைத்து எழுப்பியது. அடுத்த ஓகஸ்டில் மைக்ரோசொப்ட், விண்டோஸ் எக்ஸ்பிக்கான இரண்டாவது சேர்விஸ் பேக்கில் பாதுகாப்பு மையம் ஒன்றைச் சேர்த்தது. மூலையில் தோன்றும் சிவப்புக் கேடயம் அப்போதுதான் நமக்கு அறிமுகமானது.

இன்று நிலைமை வேறு. 2012இல் வந்த விண்டோஸ் 8 முதல், வைரஸ் தடுக்கும் ‘டிஃபென்டர்’ விண்டோஸுக்குள்ளேயே இலவசமாக இருக்கிறது. ஒரு கோப்பைத் திறக்கும் கணத்திலேயே அது பார்த்துவிடும். கணினி சும்மா இருக்கும் நேரத்தில் தானாகவே ஸ்கானும் செய்துகொள்ளும். காசு கொடுத்து வாங்கும் நல்ல மென்பொருள்களும் அப்படித்தான். செய்யவேண்டிய வேலையைக் கேட்காமலே செய்கிற ஒன்று, பிறகு ஏன் கத்த வேண்டும்?

காரணம் சந்தா. புதுக் கணினியில் முன்கூட்டியே ஏற்றப்பட்டு வரும் இலவச அன்டிவைரஸ், கணினி தயாரிப்பாளருக்கும் பாதுகாப்பு நிறுவனத்துக்கும் இடையிலான வியாபார ஏற்பாடு. வாங்கியவர் புதுப்பித்தால்தான் அதில் இலாபம். ஆகவே ‘ஸ்கான் செய்யுங்கள்’ என்பதை ‘எங்களை மறந்துவிடாதீர்கள்’ என்று வாசித்தால் பொருத்தமாக இருக்கும். சந்தா விஷயத்தில் பெரிய பெயர்களும் சுத்தமில்லை. வாடிக்கையாளர்களின் கடனட்டையில் புதுப்பிப்புக் கட்டணத்தைத் தெளிவாகச் சொல்லாமல் தானாக அறவிட்டதாக எழுந்த முறைப்பாட்டில், 2009இல் சைமன்டெக்கும் மக்கஃபியும் நியூயோர்க் மாநிலத்துக்குத் தலா 375,000 டொலர் கட்டின.

ஸ்கான் என்ற பேரிலேயே நாடகம் போட்ட கதையும் உண்டு. அமெரிக்காவின் ஒஃபிஸ் டிப்போ கடைகளில், பழுதான கணினியைக் கொண்டுபோனால் ‘பிசி ஹெல்த் செக்’ என்றொரு இலவசப் பரிசோதனை செய்வார்கள். தொடக்கத்தில் நான்கு கேள்விகள். கணினி மெதுவாக ஓடுகிறதா, தேவையில்லாத பெட்டிகள் எழும்புகின்றனவா என்ற மாதிரி. அவற்றில் ஒன்றுக்கு ‘ஆம்’ என்றாலே போதும். ஸ்கான் என்ன கண்டதோ காணவில்லையோ, தீம்பொருளின் அறிகுறி இருக்கிறது என்று முடிவு வந்துவிடும். திரையில் ஓடும் ஸ்கானுக்கும் அந்த முடிவுக்கும் தொடர்பே இல்லை. பயந்த வாடிக்கையாளர் சில நூறு டொலர் கொடுத்துச் ‘சுத்தம்’ செய்வித்துக்கொண்டு போவார். பழுதாய்க் கொண்டுபோன கணினி என்றால் அந்த நான்கில் ஒன்றுக்காவது ‘ஆம்’ சொல்லாதவர் யார்? இது 2009 முதல் 2016 வரை நடந்தது. ஊழியர் ஒருவர் தொலைக்காட்சியிடம் உண்மையைச் சொன்ன பிறகுதான் நின்றது. அமெரிக்க மத்திய வணிக ஆணையத்தின் வழக்கை முடிக்க, 2019இல் அந்தக் கடையும் மென்பொருள் கொடுத்த சப்போர்ட் டொட் கொம் நிறுவனமும் சேர்ந்து 35 மில்லியன் டொலர் கொடுத்தன.

அன்டிவைரஸ் நிறுவனமான அவாஸ்ட் இன்னொரு வகை. உங்களைக் கண்காணிப்பவர்களிடமிருந்து காக்கிறேன் என்று சொன்ன நிறுவனம், பாவனையாளர்கள் எந்தெந்தத் தளங்களுக்குப் போனார்கள் என்ற விவரத்தை ஜம்ப்ஷொட் என்ற தன் துணை நிறுவனம் வழியாக விற்றது. 2024இல் அதற்கு 16.5 மில்லியன் டொலர் தண்டம். வீட்டுக் காவலுக்கு வைத்த ஆள் யார் யார் வந்து போனார்கள் என்று சந்தியில் விலைபேசிய மாதிரித்தான். இலவச மென்பொருளை ஏற்றிக்கொள்ளும்போது இதையும் யோசிக்கலாம்.

எல்லாரையும் ஒரே தட்டில் வைக்கவும் முடியாது. 1991இல் சென்னையில் தொடங்கிய கே7 நிறுவனத்தின் தொழில்நுட்பத்தை வைத்து, ஜப்பானின் சோர்ஸ்நெக்ஸ்ட் வருடாந்தப் புதுப்பிப்புக் கட்டணமே இல்லாத அன்டிவைரஸ் ஒன்றை விற்றது. சந்தா நச்சரிப்பு இல்லாமலும் இந்த வியாபாரம் நடக்கும் என்பதற்கு அதுவே சாட்சி.

நம் வீடுகளில் இப்போது கூடுதலாகத் தொல்லை தருவது இவை எதுவுமில்லை. நாடகமோ கிரிக்கெட்டோ இலவசமாகப் பார்க்கப் போகும் தளங்கள் முதலில் ‘அலவ்’ பொத்தானை அமத்தச் சொல்லும். அமத்தியதும் அந்தத் தளத்துக்கு உங்கள் திரை மூலையில் அறிவித்தல் அனுப்பும் உரிமை கிடைத்துவிடுகிறது. பிறகு மக்கஃபி, நோர்ட்டன் சின்னங்களோடு ‘ஐந்து வைரஸ் பிடிபட்டது’ என்று வருபவை அந்தத் தளம் அனுப்பும் விளம்பரங்கள். உங்கள் கணினியை ஒருவரும் ஸ்கான் செய்யவில்லை. அந்த அன்டிவைரஸ் உங்களிடம் இல்லாமலும் இருக்கலாம். இன்னும் துணிந்தவை முழுத்திரையையும் அடைத்து, ஒரு தொலைபேசி இலக்கத்தைக் காட்டி அழைக்கச் சொல்லும். அழைத்தால், தொலைவிலிருந்து கணினியை இயக்க உதவும் எனிடெஸ்க் போன்ற மென்பொருள் ஒன்றை ஏற்றச் சொல்வார்கள். அதன்பிறகு கணினி அவர்கள் கையில், வங்கிக் கணக்கும் அநேகமாக அப்படியே.

பொய் எச்சரிக்கை காசைத் தின்பது ஒரு நட்டம். அது கவனத்தையும் தின்கிறது. வேலை நடுவில் எழும்பும் பாதுகாப்பு எச்சரிக்கைகளை மக்கள் 90 சதவீதம் வரை பொருட்படுத்துவதில்லை என்று, அமெரிக்காவின் பிரிகாம் யங் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் கூகுள் குரோம் பொறியியலாளர்களோடு சேர்ந்து செய்த ஆய்வு 2016இல் சொன்னது. சும்மா எழும்பும் பெட்டியை மூடிப் பழகிய கை, உண்மையாக எழும்பும் பெட்டியையும் மூடும்.

கேட்டிருக்கவேண்டிய எச்சரிக்கை எது என்பதற்கு உதாரணம் கொழும்பிலேயே இருக்கிறது. 2023 ஓகஸ்ட் 26 அன்று ‘லங்கா கவர்ன்மென்ட் கிளவுட்’ மீது கப்பம் கேட்கும் தீம்பொருள் பாய்ந்தது. அமைச்சரவை அலுவலகம் உட்பட, அரசின் ஏறத்தாழ 5,000 மின்னஞ்சல் முகவரிகளில் மே 17 முதல் அன்றுவரை இருந்த தரவுகள் போய்விட்டன. அந்த மூன்று மாதத்துக்கும் மீட்கக்கூடிய பிரதி இல்லை. அங்கே ஓடிக்கொண்டிருந்த மின்னஞ்சல் மென்பொருள் மைக்ரோசொப்ட் எக்ஸ்சேஞ்ச் 2013. அதற்கான ஆதரவு அதே ஆண்டு ஏப்ரல் 11இல் முடிந்திருந்தது. 2021இலேயே புதுப்பிக்க நினைத்ததாகவும் பணம் இல்லாததால் தள்ளிப்போனதாகவும் பொறுப்பான தகவல் தொடர்பாடல் தொழில்நுட்ப முகவர் நிறுவனம் விளக்கம் சொன்னது. தினமும் ஸ்கான் செய்திருந்தாலும் காலாவதியான மென்பொருளின் ஓட்டை அடைபட்டிருக்காது, தொலைந்த கடிதமும் திரும்பி வந்திராது.

ஆகவே வெளிநாட்டில் இருந்து கணினி அனுப்புகிறவர்களிடம் ஒரு வேண்டுகோள். கட்டி அனுப்புமுன் அந்த இலவச அன்டிவைரஸை நீக்கிவிடுங்கள். நீக்கியதும் டிஃபென்டர் தானாக விழித்துக்கொள்ளும். அதுவும் ‘ஸ்கான் முடிந்தது, ஒன்றுமில்லை’ என்று அடிக்கடி சொன்னால், விண்டோஸ் செக்யூரிட்டியின் அமைப்புகளில் நோட்டிஃபிகேஷன்ஸ் பகுதிக்குப் போய் ஸ்கான் முடிவுகளுக்கான அறிவித்தலை மட்டும் அணைக்கலாம். குரோமில் சைட் செட்டிங்ஸுக்குள் இருக்கும் நோட்டிஃபிகேஷன்ஸைத் திறந்து எல்லாத் தளங்களுக்கும் தடை போடுங்கள். இந்த ஒன்றிலேயே பாதித் தொலைபேசி அழைப்புகள் குறையும். முழுத்திரையையும் அடைத்து மிரட்டினால் எதையும் அமத்தாமல், கணினி அணையும்வரை மின் பொத்தானை அழுத்திப் பிடிக்கச் சொல்லிக்கொடுங்கள்.

அப்டேட் கேட்கும் பெட்டிக்கு மட்டும் விதிவிலக்கு. வீட்டில் இருப்பது இன்னும் விண்டோஸ் 10 என்றால், 2025 ஒக்டோபர் 14உடன் அதற்கான வழமையான ஆதரவு நின்றுவிட்டது. மாற்றவேண்டும், அல்லது நீடித்த பாதுகாப்புத் திட்டத்தில் பதியவேண்டும். குடும்பப் படங்களை வெளியில் ஒரு வன்தட்டில் பிரதி எடுத்துக் கணினியிலிருந்து கழற்றி வையுங்கள். யாருக்காவது கணினியைத் தொலைவிலிருந்து திறந்துகொடுத்துவிட்டால் வெட்கப்பட்டு மறைக்காமல், முதலில் வங்கிக்கும் பிறகு கணினிப் பாதுகாப்பைக் கவனிக்கும் இலங்கை செர்ட் அமைப்பின் 101 இலக்கத்துக்கும் அழையுங்கள்.