காத்திருந்தாலும் திறக்காத படிவம்!

அலுவலகத்தில் இருந்து மின்னஞ்சல் வருகிறது. கூடவே ஒரு படிவம். "மாலைக்குள் நிரப்பி அனுப்பவும்" என்று உத்தரவு! கைபேசியில் தட்டிப் பார்த்தால், "தயவு செய்து காத்திருங்கள்" என்று ஆங்கிலத்தில் ஒரு வரி. எவ்வளவு நேரம் காத்திருந்தாலும் படிவம் வராது!

கைபேசி கெட்டுவிட்டதா? இல்லை.

1993-ல் அடோபி கம்பெனி கொண்டுவந்தது பி.டி.எப். பிற்பாடு அதில் "எக்ஸ்.எப்.ஏ." என்று ஒரு ரகம் சேர்ந்தது. உறை பி.டி.எப்.தான், உள்ளே இருப்பது வேறு சரக்கு! அதைப் படிக்கத் தெரியாத செயலி, உறையின் மேல் இருக்கும் அந்த ஒரு வரியை மட்டும் காட்டும். கனடா நாட்டு விசா விண்ணப்பங்களே இந்த ரகத்தில் வழங்கப்பட்டன.

என்ன செய்வது? மின்னஞ்சலுக்குள்ளேயே திறக்கக்கூடாது. கம்ப்யூட்டரில் இறக்கிச் சேமித்து, அடோபி ரீடரில் திறக்க வேண்டும். அதற்குக் காசு கிடையாது. பயர்பாக்சும் 2021-ல் இதைப் படிக்கக் கற்றுக்கொண்டது.

நிரப்பியதும் சேமித்து மூடுங்கள். மறுபடி திறந்து பாருங்கள். எழுதியது அப்படியே இருக்கிறதா? பிறகு அனுப்புங்கள். வெற்றுப் படிவம் போனால் விண்ணப்பம் திரும்பிவிடும், கெடுவும் தப்பிவிடும்!

2017-ல் வந்த பி.டி.எப். புது விதிகள் இந்த ரகத்தை ஓரங்கட்டிவிட்டன. பழைய படிவத்தை விட மனமில்லாத அலுவலகங்கள்தான் இன்னும் அனுப்பிக்கொண்டிருக்கின்றன!