பாரத்தின் அளவா, எண்ணிக்கையா?

வீடும் மனமும் – 7

மனம் சோர்ந்து நிற்கும் குடும்பத்துக்கு எல்லாரும் சொல்லும் முதல் யோசனை, ‘மனம்விட்டுப் பேசுங்கள்’ என்பது. நல்ல யோசனைதான். ஆனால் வாடகை பாக்கி, மின்கட்டண பாக்கி, பிள்ளையின் தேர்வு, மாமியாரை மருத்துவமனைக்கு அழைத்துப் போக வேண்டிய தேதி எல்லாம் ஒரே வாரத்தில் வந்து நிற்கும் வீட்டில் பேச உட்காரவே தெம்பு இருக்காது. உட்கார்ந்தாலும் பேச்சு சண்டையில் முடியும். அப்படிப்பட்ட வீட்டுக்கு முதல் உதவி கவலைகளின் எண்ணிக்கையைக் குறைப்பது. பேச்சு அதற்குப் பிறகு.

இதற்கு வலுவான சான்று சிங்கப்பூரிலேயே இருக்கிறது. கியான் ஓங், வால்டர் தெசைரா, ஐரின் இங் மூவரும் 2019இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். நெடுநாள் கடனில் தவித்த 196 குறைந்த வருமானக் குடும்பங்களுக்கு ஓர் அறநிறுவனம் 5,000 வெள்ளி வரை கடனை அடைத்துக் கொடுத்தது. அதற்கு முன்பும் பின்பும் அவர்களுடைய பதற்றத்தையும் கவனத்தையும் முடிவெடுக்கும் விதத்தையும் ஆய்வாளர்கள் அளந்தார்கள். பதற்றம் குறைந்தது, கவனம் தெளிந்தது. கடன் தீர்ந்தால் இது இயல்புதானே என்று தோன்றும். கவனிக்க வேண்டியது அடுத்த முடிவு: அடைபட்ட தொகை ஒன்றாக இருந்தாலும், அதிகக் கணக்குகள் முழுதாகத் தீர்ந்தவர்களுக்கே கூடுதல் பலன் கிடைத்தது. ஒவ்வொரு பாக்கிக்கும் தனிக் கெடு, தனிக் கடிதம், தனிப் பயம். பெரிய கடனில் ஒரு பகுதி குறைந்தாலும் அந்தப் பயம் அப்படியே இருக்கும். சிறிய பாக்கி அடியோடு தீர்ந்தால் அதன் பயமும் தீரும்.

புக்கிட் மேரா வட்டாரத்தின் வரலாறு இதன் மறுபக்கத்தைக் காட்டுகிறது. 1961 மே 25, ஹஜ்ஜுப் பெருநாளன்று அங்கிருந்த புக்கிட் ஹோ சுவீ கம்பத்தில் பற்றிய தீ ஏறத்தாழ 16,000 பேரை வீடற்றவர்களாக்கியது. முந்தைய ஆண்டுதான் தொடங்கியிருந்த வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் ஓராண்டுக்குள் அவர்களுக்கு மாற்று வீடு தந்தது. எங்கே தங்குவது என்ற பெருங்கவலை தீர்ந்தது. அது அரிய சாதனை. ஆனால் மாதம் தவறாமல் வாடகை கட்ட வேண்டிய புதுக் கவலை வந்தது, பழகிய அக்கம்பக்கம் கலைந்தது. 1969இல் அதே பேட்டையில் தொடங்கிய சமூகப் பணிதான் பின்னாளில் பியாண்ட் சோஷியல் சர்வீசஸ் அமைப்பாக வளர்ந்தது. ஒரு பாரத்தை இறக்கும்போது எந்தப் பாரம் புதிதாக ஏறுகிறது என்பதையும் சேர்த்தே எண்ண வேண்டும்.

‘பணத் தட்டுப்பாடு இல்லாத வீடுகளிலும் மனச்சோர்வு இருக்கிறதே’ என்று கேட்கலாம். உண்மை. அந்த ஆய்வு கடனைப் பற்றியது மட்டுமே. அதை மற்ற கவலைகளுக்கும் நீட்டுவது என் கருத்து. ஆனால் நம் தமிழ்க் குடும்பங்களின் ஆண்டிறுதியைப் பாருங்கள். தொடக்கப்பள்ளி இறுதியாண்டுத் தேர்வு முடிவதற்கும் அதன் முடிவு வருவதற்கும் இடையில் தீபாவளி வருகிறது. அது முடிந்ததும் அடுத்த ஆண்டுக்கான புத்தகம், சீருடை. வசதியுள்ள வீட்டிலும் இவை எல்லாவற்றையும் நினைவில் சுமப்பவர் பெரும்பாலும் ஒருவரே, அதுவும் பெரும்பாலும் அம்மா. புத்தகப் பட்டியலை அப்பா முழுப் பொறுப்பாக எடுத்துக்கொண்டால் அம்மாவின் கணக்கில் ஒன்று தீர்கிறது. ‘சொல்லு, செய்கிறேன்’ என்று காத்திருந்தால் எதுவும் தீர்வதில்லை. நினைவுபடுத்தும் வேலை அம்மாவிடமே இருக்கிறது.

இன்னொரு மறுப்பு ஆழமானது: வீட்டு விஷயம் வெளியே போகக் கூடாது. மானத்தோடு வாழ நினைப்பவர்களின் கவலை அது, மதிக்கத்தக்கது. ஆனால் மனநலக் கழகம் 2016இல் நடத்திய ஆய்வில், மனநலச் சிக்கல் இருந்தவர்களில் முக்கால்வாசிக்கும் மேற்பட்டோர் உதவி நாடவே இல்லை என்று தெரிந்தது. மானம் என்று நாம் காக்கும் மௌனத்தின் விலையைப் பிள்ளைகளும் சேர்ந்தே கட்டுகிறார்கள். குடும்பச் சேவை நிலையத்துக்குப் போய், ‘இந்த மின்கட்டண பாக்கிக்கு என்ன வழி?’ என்று மட்டும் கேட்டால் போதும். மனத்தைத் திறந்து காட்ட வேண்டியதில்லை. ஒரு கணக்கைத் தீர்த்துக்கொள்ள வழி கேட்கிறோம், அவ்வளவே. இந்த வாரம் வீட்டுக் கவலைகளை ஒரு தாளில் எழுதுங்கள். பெரியதைத் தொடாமல், முழுதாகத் தீர்க்கக்கூடிய சிறிய ஒன்றைத் தேர்ந்தெடுத்துத் தீர்த்துவிடுங்கள். அந்தத் தாளைப் பிள்ளைகளுக்கு எவ்வளவு காட்டலாம் என்பதை அடுத்த வாரம் பார்ப்போம்.