பத்துக் கனெக்‌ஷன் போதுமா?

சர்வருக்குள் ஒரு சுற்று – 9

பிரவுசரிலிருந்து கிளம்பிய கோரிக்கை வெப் சர்வரை எட்டியதோடு சென்ற வாரம் நிறுத்தினோம். அடுத்து அது டேட்டாபேஸின் கதவைத் தட்ட வேண்டும்.

அந்தக் கதவு திறப்பதற்குள் நிறைய வேலை நடக்கிறது. டிசிபி முறைப்படி இரண்டு கணினிகளும் மூன்று செய்திகளைப் பரிமாறிக்கொள்ள வேண்டும். பிறகு மறைகுறியாக்க ஏற்பாடு, அதன் பின் பாஸ்வேர்டு சோதனை. போஸ்ட்கிரஸ் என்றால் கூடுதலாக ஒன்று: வருகிற ஒவ்வொரு கனெக்‌ஷனுக்கும் தனி பிராசஸ் ஒன்றை உருவாக்கித் தரும். மைஎஸ்க்யூஎல் கொஞ்சம் சிக்கனக்காரர். ஒரு திரெட்டோடு முடித்துக்கொள்வார். இத்தனைக்கும் பிறகு ஓடும் குவெரி ஒரே மில்லிசெகண்டில் முடிந்துவிடலாம். கல்யாணத்தைவிடப் பந்தக்கால் செலவு அதிகம்!

அதனால்தான் கனெக்‌ஷன் பூல். சில கனெக்‌ஷன்களை முன்கூட்டியே திறந்து வைத்துக்கொள்வது. கேட்கிற கோரிக்கைக்கு ஒன்றைக் கொடுப்பது. வேலை முடிந்ததும் மூடாமல் திரும்ப வாங்கி வைப்பது. எத்தனை வைக்கலாம்? ஜாவா உலகில் பரவலாகப் புழங்கும் ஹிகாரிசிபி, நாம் எதுவும் சொல்லாவிட்டால் அதிகபட்சம் 10 வைக்கும். ஆயிரக்கணக்கானோர் வரும் தளத்துக்குப் பத்தா என்று பதறி, 500 என்று மாற்றிவிடுகிறவர்கள் உண்டு.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு கோரிக்கை கனெக்‌ஷனை 5 மில்லிசெகண்ட் வைத்திருக்கிறது என்று கொள்வோம். ஒரு கனெக்‌ஷன் நொடிக்கு 200 கோரிக்கைகளைக் கவனிக்கும். பத்தும் சேர்ந்தால் 2,000. அதே பத்தை ஆளுக்கு 2 நொடி பிடித்து வைத்தால்? நொடிக்கு வெறும் ஐந்து! எண்ணிக்கையைவிட, பிடித்து வைக்கும் நேரமே முக்கியம்.

சரி, 500 வைத்தால் என்ன குறைந்துவிடும்? நான்கு கோர் உள்ள டேட்டாபேஸ் சர்வரில் ஒரு கணத்தில் உண்மையாக ஓடக்கூடியவை நான்கு வேலைகள்தான். மற்றவை டிஸ்க்குக்கோ, பூட்டுக்கோ, தங்கள் முறைக்கோ காத்திருக்கும். காத்திருப்பவர் பெருகப் பெருக, ஒன்றை விட்டு ஒன்றுக்குத் தாவுவதிலேயே சர்வர் களைத்துப்போகும். போஸ்ட்கிரஸ் வட்டாரத்தில் ஒரு தொடக்கக் கணக்கு உண்டு: கோர் எண்ணிக்கையின் இரு மடங்கோடு டிஸ்க் எண்ணிக்கையைக் கூட்டுங்கள். நான்கு கோர், ஒரு டிஸ்க் என்றால் ஒன்பது. அங்கிருந்து தொடங்கி, சோதித்துப் பார்த்து மாற்றிக்கொள்ளலாம்.

இன்னொரு கண்ணியும் இருக்கிறது. போஸ்ட்கிரஸ் ஏற்கும் கனெக்‌ஷன்கள், அமைப்பை மாற்றாதவரை, 100. உங்கள் செயலி பத்து வைத்திருப்பது நியாயம்தான். ஆனால் கூட்டம் கூடியதும் கிளவுட் தானாகவே 20 செயலி சர்வர்களைக் கிளப்பிவிட்டால்? தேவை 200, இடம் 100. உதவிக்கு வந்த சர்வர்களே வாசலை அடைத்துக்கொண்டு நிற்கும். ஸ்கைப் நிறுவனத்தில் உருவான பிஜிபவுன்சர் இங்கேதான் கைகொடுக்கிறது. இடையில் உட்கார்ந்து, நூற்றுக்கணக்கான செயலிக் கனெக்‌ஷன்களைச் சில டேட்டாபேஸ் கனெக்‌ஷன்களுக்குள் அடக்கிவிடும். டிரான்சாக்‌ஷன் முறையில் ஓடவிட்டால், ஒரு டிரான்சாக்‌ஷன் முடிந்த கையோடு அந்த இடத்தை அடுத்தவருக்குக் கொடுத்துவிடும்.

இனி நம் கோடு. வழக்கமான குற்றவாளிகள் இருவர். முதலாமவர் லீக்: குவெரியில் பிழை வந்து பாதியில் வெளியேறும் கோடு, வாங்கிய கனெக்‌ஷனைத் திருப்பித் தராது. சோதனையில் தெரியாது. பத்தாவது பிழையோடு பூல் காலியாகும். பிறகு வருகிற ஒவ்வொரு கோரிக்கையும் ஹிகாரியின் வழக்கப்படி 30 நொடி காத்திருந்து தோற்கும். சர்வரை ரீஸ்டார்ட் செய்தால் சரியாகிவிடுவதால் நோய் பிடிபடாமலே நீடிக்கும். ஜாவா 7 தந்த டிரை-வித்-ரிசோர்சஸ் போன்ற அமைப்புக்குள் எழுதினால், பிழை வந்தாலும் கனெக்‌ஷன் பூலுக்குத் திரும்பிவிடும்.

இரண்டாமவர் நல்ல பிள்ளைபோல் தெரிவார். டிரான்சாக்‌ஷனைத் தொடங்குவார்; நடுவில் பேமென்ட் கேட்வேயை அழைப்பார்; பதில் வரும்வரை கனெக்‌ஷன் அவர் கையிலேயே இருக்கும். டேட்டாபேஸ் சும்மா கிடக்க, பூல் மட்டும் நிறைந்திருக்கும். மேலே பார்த்த 2 நொடிக் கணக்கு இவருடையதுதான். வெளி வேலைகளை டிரான்சாக்‌ஷனுக்கு முன்னேயோ பின்னேயோ தள்ளுங்கள். தேவைப்படும் கணத்தில் கனெக்‌ஷனை வாங்கி, முடிந்த கணத்தில் திருப்பிக் கொடுங்கள்.

இவ்வளவு ஒழுங்காக இருந்தும் ஒரு குவெரியே 2 நொடி எடுத்தால் பூல் என்ன செய்யும்? அங்கே வேண்டியது இன்டெக்ஸ். அதை அடுத்த வாரம் பார்ப்போம்.

(தொடரும்)