தொட்டிலாடும் பந்து

மட்டாஞ்சேரிப் படகுத்துறையில் சென்ற வாரம் எறணாகுளத்துப் படகுக்குக் காத்திருந்தபோது, ஹாக்கி மட்டையைக் குடைபோல் அக்குளில் இடுக்கிக்கொண்டு, நனைந்த காலுறைகளைக் கைப்பிடிக் கம்பியில் உலர்த்திக்கொண்டிருந்த ஒரு கல்லூரி மாணவியைக் கண்டேன். வேறொரு மட்டையின் சரித்திரம் ஞாபகத்துக்கு வந்தது.

லாக்ரோஸ் என்பது அந்த ஆட்டத்தின் பெயர். வட அமெரிக்க ஆதிகுடிகள் தெய்வத்துக்கு உவப்பானதென்று சிரத்தையுடன் ஆடிவந்த அதில், நுனியில் வலைப்பை கட்டிய கோலைக் கண்ட பிரெஞ்சுப் பாதிரிமார், தங்கள் ஆயரின் மேய்ப்புக்கோலை நினைந்து இப்பெயரிட்டனர் என்பர்; கோட்டைக் கொச்சியின் சாந்தா குரூஸ் பேராலயத்தில் திருநாட்களில் அக்கோலைக் கண்டவர்களுக்கு இந்த உவமை விளங்கும். ஓடும்போது பந்து வலையிலிருந்து நழுவாதிருக்கக் கோலை இடைவிடாமல் மெல்ல அசைத்துக்கொண்டே போகவேண்டும். ஆட்டக்காரர்கள் இதனைத் தொட்டிலாட்டுதல் என்றே வழங்குகிறார்கள். மூவர் சூழ்ந்து நெருக்க, முழுவேகத்தில் பாயும் பெண்ணொருத்தியின் மணிக்கட்டுகள் மாத்திரம் சிசுவை உறங்கவைப்பனபோல் அசையும் அந்தச் சௌந்தரியத்துக்கு நிகராக நான் வேறொன்றைச் சொல்லமாட்டேன்.

இது பெண்களிடம் வந்து சேர்ந்தது ஆசிரியைகளால். ஸ்காட்லாந்தின் செயின்ட் லெனார்ட்ஸ் பள்ளியின் முன்னாள் தலைமை ஆசிரியை லூயிசா லம்ஸ்டன் 1884-ல் கனடாவில் இவ்வாட்டத்தைக் கண்டு வியந்தார். 1890-ல் அப்பள்ளி மாணவிகள் ஆடினார்கள். அங்கே பயின்ற ரோஸபெல் சிங்க்ளேர் 1926-ல் பால்டிமோர் நகரின் பிரின் மார் பள்ளிக்கு அதைக் கொண்டுசென்றார். அமெரிக்காவின் தேசியக் கல்லூரி விளையாட்டுச் சங்கம் பெண்களுக்கென முதன்முதலாக நடத்திய லாக்ரோஸ் சாம்பியன் போட்டியில், டிரென்டன் ஸ்டேட் அணியை 9–6 என்று மாஸசூஸெட்ஸ் பல்கலைக்கழகம் வென்றது 1982-ல்.

அதே 1982-ல்தான் டில்லி ஆசிய விளையாட்டில், பாலக்காடு மெர்ஸி கல்லூரியில் பயின்ற எம்.டி. வல்சம்மா 400 மீட்டர் தடை ஓட்டத்தை 58.47 விநாடியில் முடித்துத் தங்கம் பெற்றார். கண்ணூர் ஜில்லாவின் கிராமமொன்றில் பிறந்த அவர், 1979-ல் புனேயில் நடந்த பல்கலைக்கழகங்களுக்கிடையிலான போட்டியிலேயே தம் திறமையை நிரூபித்திருந்தார். கேரளத்தின் தடகளப் பெருமையைப் பேசுவோர் மலையையும் மழையையும் காரணமாகக் கூறுவதுண்டு. எனக்கோ, விடியுமுன் பெண்களை எழுப்பி மைதானத்துக்கு அனுப்பிய மகளிர் கல்லூரி விடுதிகளே பிரதான காரணமென்று தோன்றுகிறது. 2003-ல் பாரிஸ் உலகப் போட்டியில் 6.70 மீட்டர் நீளம் தாண்டி வெண்கலம் வென்ற அஞ்சு பாபி ஜார்ஜும் திருச்சூர் விமலா கல்லூரியின் மாணவியே.

2028 லாஸ் ஏஞ்சலஸ் ஒலிம்பிக்கில், அணிக்கு அறுவர் ஆடும் வடிவில் லாக்ரோஸ் இடம்பெறுகிறது. கோட்டைக் கொச்சியில் பரேட் மைதானமும் வெளி மைதானமும் இருக்கின்றன. சொல்லித்தர ஓர் ஆசிரியை வேண்டும், அவ்வளவே.

இவற்றையெல்லாம் அம்மாணவியிடம் சொன்னேன். படகு கரைசேர்ந்தது. காலுறைகளைச் சுருட்டிப் பைக்குள் திணித்துக்கொண்டே, அந்தக் கோல் என்ன விலை இருக்கும் என்று மலையாளத்தில் கேட்டாள்.