தாளிப்பவர் உலை வைத்தால்: தாளக் கலைஞரின் தனித்தொகுப்பு எப்படி இயங்குகிறது?

கல்யாண வீட்டுச் சமையலில் தாளிப்பவருக்கு வேலை கடைசி இரண்டு நிமிடம்தான். பருப்பு வெந்து, பால் விட்டு, உப்புப் பார்த்து இறக்கிய பிறகு அவர் வருவார். கடுகு, செத்தல் மிளகாய், வெங்காயம், கறிவேப்பிலை, ஒரு துண்டு ரம்பை. கொட்டியதும் வாசம் தெருவரை போகும். சாப்பிட்டவர்கள் பருப்பைப் புகழ்வார்கள். தாளித்தது யாரென்று எவரும் கேட்பதில்லை.

ஒலிப்பதிவுக் கூடத்தில் கூலிக்கு வாசிக்கும் தாளக் கலைஞரும் அப்படித்தான். மெட்டும் பாட்டும் முடிந்த நிலையில் அழைப்பு வரும். ஹெட்போனில் 'டக் டக்' என்று அளவு தட்டிக்கொண்டிருக்கும். அதற்கு மேல் தபேலாவோ கொங்காவோ கஞ்சிராவோ வாசித்துக் கொடுத்துவிட்டு, அடுத்த கூடத்துக்குக் கிளம்பிவிடுவார். இப்படிப்பட்டவர் தன் பெயரில் ஓர் இசைத்தொகுப்புப் போட்டால் என்ன நடக்கும்? தாளிதத்தை மட்டும் சட்டி நிறைய வைத்தால் யாராலும் உண்ண முடியாது. நாற்பது நிமிடம் வெறும் தனி ஆவர்த்தனம் கேட்பதும் அதே கதைதான். அவர் முழுச் சமையலும் செய்தாக வேண்டும்.

இதைச் செய்து காட்டியவர்களில் முக்கியமானவர் மும்பையில் 1951இல் பிறந்த திரிலோக் குர்டு. 'ஒரிகன்' இசைக்குழுவின் தாளக் கலைஞர் காலின் வால்காட் 1984இல் விபத்தில் இறந்த பிறகு அந்த இடத்தில் வாசித்தார். கிட்டார் மேதை ஜான் மெக்லாக்லினின் மூவர் குழுவிலும் இருந்தார். 1988இல் ஜெர்மனியின் சிஎம்பி நிறுவனம் 'உஸ்ஃப்ரெட்' என்ற தொகுப்பை அவர் பெயரிலேயே வெளியிட்டது. ஜாஸும் ஃபங்கும் இந்துஸ்தானியும் ஒரே பந்தியில் பரிமாறப்பட்ட தொகுப்பு அது.

இப்படியொரு தொகுப்பில் முதல் வேலை, சோறு எது என்று முடிவு செய்வது. மற்றவர்களின் தொகுப்பில் மெட்டுதான் சோறு, தாளம் மேலே தூவுவது. இங்கே அது தலைகீழாகிறது. தாளத்தை உலையில் வைத்துவிட்டு, மெட்டைக் கறியாகச் சேர்க்கிறார்கள். இந்த ஒரு மாற்றம் சரியாக அமைந்தால் மீதி எல்லாம் தானாக வழிக்கு வரும்.

ஃபங்க் இசையில் சோறு வேகும் விதம் எளிது. மேசையில் ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு என்று தட்டிப் பாருங்கள். ஃபங்க் முன்னோடி ஜேம்ஸ் பிரவுன் தன் குழுவிடம் கறாராகக் கேட்டது 'ஒன்று'. ட்ரம்ஸும் பேஸ் கிட்டாரும் அந்த முதல் அடியில் சேர்ந்து விழவேண்டும். அதற்குப் பிறகு பொடி அடிகளும் இடைவெளிகளும். அந்த இடைவெளிதான் உடம்பை ஆடவைக்கிறது.

நம் ஊர்க் கணக்கிலும் அந்த முதல் அடிக்கே மதிப்பு. அதைச் சமம் என்கிறோம். ஃபங்க் ஒவ்வொரு சுற்றிலும் சமத்தில் விழுகிறது. நம்மவர்கள் விலகிப் போய், நெடுநேரம் அலையவிட்டு, கடைசியில் வந்து விழுவார்கள். பதினாறு எண்ணிக்கைச் சுற்றில் ஐந்தடிச் சொற்கட்டு ஒன்றை, நடுவே ஓரடி விட்டு விட்டு மூன்று முறை வாசியுங்கள். ஐந்து, ஒன்று, ஐந்து, ஒன்று, ஐந்து: மொத்தம் 17. பதினேழாவது அடி அடுத்த சுற்றின் முதல் அடி. கணக்குத் தெரியாதவரும் அந்த இடத்தில் தலையாட்டிவிடுவார். ஃபங்க்கும் தபேலாவும் ஒட்டிக்கொள்வதன் ரகசியம் இதுதான் என்பேன்.

அடுத்தது தேங்காய்ப்பால். கறிக்கு முதலில் கப்பிப்பால் விட்டுக் கொதிக்க வைப்போம். முதற்பாலைக் கடைசியில், அனலைக் குறைத்துவிட்டுத்தான் ஊற்றுவோம், இல்லாவிட்டால் திரைந்துவிடும். பதிவிலும் அப்படித்தான். 'உஸ்ஃப்ரெட்' தொகுப்பில் ஜோனாஸ் ஹெல்போர்கின் பேஸ் கிட்டார் கப்பிப்பால், தாளத்தோடு கூடவே கொதிக்க வேண்டியது. டான் செரியின் டிரம்பெட், எல். சங்கரின் வயலின், ரால்ஃப் டவுனரின் கிட்டார் எல்லாம் கறிகள். முதற்பால், திரிலோக்கின் தாய் ஷோபா குர்டுவின் குரல். தும்ரிக்குப் பேர்போன பாடகி. மகனின் தாளத்தின் மேல் அந்தக் குரல் வந்து இறங்கும்போது தொகுப்புக்கு வேறொரு ருசி வந்துவிடுகிறது.

கிட்டத்தில் பார்க்க வேண்டிய ஒன்று அவரது வாளி. தரையில் முழந்தாளிட்டு வாசிக்கும் திரிலோக், பக்கத்தில் ஒரு வாளித் தண்ணீர் வைத்திருப்பார். தட்டிய உலோகத் தட்டை மெல்லத் தண்ணீரில் இறக்குவார். அதிரும் உலோகம் தண்ணீரையும் சேர்த்து அசைக்க வேண்டியிருப்பதால் அதிர்வின் வேகம் குறைகிறது, சுருதி வழுக்கிக் கீழே போகிறது. மேலே தூக்கினால் திரும்ப ஏறுகிறது. சுரம் இல்லாத கருவியில் சுரம் வளைவதைக் கேட்கலாம்.

கடைசியில் கலவை. இரண்டு புளிப்பு ஒரே சட்டியில் சேரக்கூடாது. கொரக்காய் போட்ட கறியில் பழப்புளியும் கரைத்து ஊற்றுவதில்லை. தபேலா இணையின் இடப்பக்க மேளமும் பேஸ் கிட்டாரும் ஒலியின் ஒரே அடித்தளத்தில் மோதிக்கொள்பவை. கலவைப் பொறியாளர் ஒன்றைக் கொஞ்சம் தணித்தால்தான் மற்றது கேட்கும். தாளக் கலைஞரின் தொகுப்புகள் பல கெட்டுப்போவது இந்த இடத்தில்தான். தன் கருவி எதையும் தணிக்க அவருக்கு மனம் வராது.

இதைக் கண்டியில் இருந்துகொண்டு எழுதுவதற்குக் காரணம் உண்டு. தலதா மாளிகையின் பூசை நேரத்தில் ஒலிக்கும் மேளத்தைக் கேட்காமல் இந்த ஊரில் ஒரு நாள் போகாது. எசல பெரஹராவின் பத்து இரவுகளும் கெட்டபெரயும் தவுலும் தம்மெட்டமும் வீதியை அதிரவைக்கின்றன. கெட்டபெர பழகும் பிள்ளை முதலில் சொல்லும் சொற்கள் தத், ஜித், தொங், நங். மிருதங்கம் பழகும் பிள்ளைக்கு முதற்பாடம் த, தி, தொம், நம். இரண்டும் மூன்றும், மூன்றும் நான்கும் கூட்டிய கணக்குகள் கண்டிய மேளத்தில் தாராளம். ஃபங்க் வாசிப்பவருக்கு அவை புதையல். கட்டுக்கலைப் பிள்ளையார் கோயில் பக்கம் போனால் தவில், தோட்டப் பக்கம் மாசி மாதக் காமன் கூத்தில் தப்பு. ஒரு நகரத்தைச் சுற்றி இத்தனை சரக்கு கிடக்கிறது.

ஹோட்டல்களிலும் கல்யாணங்களிலும் அடுத்தவர் பாட்டுக்குத் தாளித்துக் கொடுக்கும் கண்டித் தம்பி தங்கைகளே, ஒரு நல்ல பேஸ் கிட்டார்காரரையும் ஒரு குரலையும் பிடியுங்கள். நான்கு உருப்படி போதும். தாளத்தை உலையில் வையுங்கள், உங்கள் பெயரை அட்டையில் பெரிதாகப் போடுங்கள்.