கல்மரமும் காட்டு நிழலும்

திண்டிவனத்தை அடுத்த திருவக்கரைக்கு வக்கிரகாளியம்மனைப் பார்க்கப் போகிறவர்கள், கல்மரப் பூங்காவையும் அவசியம் பார்க்க வேண்டும். சுமார் 2 கோடி ஆண்டுப் பழைய மரங்கள். வேரும் கிளையும் பட்டையும் இல்லாததால், வெள்ளம் எங்கிருந்தோ உருட்டிவந்தவை என்கிறார்கள். மணலில் புதைந்தபோது நிலத்தடி நீரிலிருந்த சிலிக்கா மரத்தின் செல்களுக்குள் ஊறிப் படிந்தது. இன்று அந்தக் கல்மரத்தை மெல்லிய வில்லையாகச் சீவி நுண்ணோக்கியில் வைத்தால், எந்தக் குடும்பத்து மரம் என்று அந்தச் செல்களே காட்டிக்கொடுக்கும்.

ஆனால் நிறம்? புதைபடிவத்தில் அது மிஞ்சாது என்றுதான் நெடுநாள் நினைத்தார்கள். சீனாவில் கிடைத்த சிட்டகோசாரஸ் என்ற டைனோசர் வேறு கதை சொன்னது. கிளிமூக்கு, தழையுணவு, வால்மேல் நீண்ட குச்சமயிர். தோலில் மெலனின் என்ற நிறமியின் தடயம் தங்கியிருந்தது: முதுகு கருமை, வயிறு வெளிர்.

ஏன் அப்படி? 2016இல் வெளிவந்த ஆய்வில் செய்த சோதனை எனக்கு மிகவும் பிடித்தது. அந்த டைனோசரின் முழு உருவத்தைச் சாம்பல் நிறத்தில் வார்த்து, வெயிலிலும் மரநிழலிலும் வைத்துப் படமெடுத்தார்கள். மரநிழலில் உடல்மேல் விழும் ஒளி வேற்றுமையை அதன் கருமுதுகும் வெளிர்வயிறும் கச்சிதமாக ஈடுகட்டின. அடர்காட்டில், தழைகளுக்கு நடுவே மறைந்து மேய்ந்த உயிராக அது இருந்திருக்கலாம்.